மதகுத் தண்டில் ஒரு தழும்பு

ஜூன் 21, காலை 5.50. பாபநாசத்துக்குத் தெற்கே, வாய்க்கால் தலைமதகில் 'டக்'கென்று ஒரு சத்தம். ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டு ஒடிந்து, மேல்துண்டு லஸ்கர் வேம்புவின் காலடியில் விழுந்தது. பாதி இறங்கிய ஷட்டர் தண்ணீர் அழுத்தத்தில் அப்படியே சிக்கிக்கொண்டது. ஆற்றிலோ தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் எட்டு ஏக்கர் குறுவை நாற்றங்கால் முழுகிப்போனது.

நாற்று முழுகுவதற்கு முன்பே குற்றவாளி கிடைத்துவிட்டார். சக்கரத்தில் இரும்புக் குழாயைக் கொடுத்து முரட்டுத்தனமாக நெம்பி வேம்புதான் தண்டை ஒடித்தார் என்று ஊரே சொன்னது. குழாயும் சக்கரத்தடியிலேயே கிடந்தது. மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலையில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவருக்கு அடுத்த மாதம் நிரந்தர ஆணை வர இருந்தது. வந்தது வழக்கு. மதகுச் சாவி போலீஸ் ஸ்டேஷன் மேசைக்குப் போனது.

சப் இன்ஸ்பெக்டர் சகாயநாதனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தண்டு சாட்சிப் பொருள், அதை அறுத்துப் பார்க்க முடியாது. அறுக்காமலே இரும்புக்குள் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்தார். எழில்மொழி திருத்துறைப்பூண்டிப் பெண்; கடலோர அணு ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானி. தயங்கிப் பேசுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

"தண்டை எங்கிட்ட குடுங்க சார். யாரு பண்ணதுன்னு அதுகிட்டயே கேட்டுக்கலாம்."

ஜூன் 24, காலை 10.15. மதகடியில் விசாரணை.

"குழாய் போட்டீங்களா?"

"இல்லம்மா. கையாலதான் சுத்துனேன்."

"எவ்வளவு எறங்குச்சு?"

"நாலடி. அதுவரைக்கும் லேசாத்தான் வந்துச்சு. அங்க இறுகுச்சு. இன்னொரு சுத்து, ஒடிஞ்சிடுச்சு."

ஜனவரிக் கடைசியில் ஆற்றில் தண்ணீர் நின்றதும் ஷட்டரை முழுக்க ஏற்றி வைத்தவர், அதன் பிறகு அன்றுதான் முதல்முறையாக இறக்கியிருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் சக்கரம் முழுக்கக் கிரீஸ் தடவியதாகவும் சொன்னார். சக்கரத்தைத் தொட்ட எழில்மொழியின் விரல் கறுப்பாயிற்று. சகாயநாதன் கொண்டுவந்திருந்த குழாயை இரண்டு முனையும் புரட்டிப் பார்த்தார். துருதான் ஒட்டியது.

தண்டைச் செய்துகொடுத்த ஒப்பந்ததாரர் தியாகராசன் நல்ல எஃகுதான் போட்டேன் என்று சத்தியம் செய்யாத குறை. மூன்றாவதாக, குழாயைக் கண்டெடுத்துக் கொடுத்த மருதையன். விவசாயிகள் சங்கச் செயலாளர், அறுவடை இயந்திரத்துக்குச் சொந்தக்காரர். வேம்புவின் வேலையைப் பறிக்கச் சொல்லி மனுக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய நாற்றங்காலும் ஒன்றரை ஏக்கர் போயிருந்தது. சொந்த நாற்றை எவனாவது முழுக விடுவானா என்று யாருமே அவரைக் கேள்வி கேட்கவில்லை.

அவர் கொட்டகையில் இரும்பு காய்ச்சும் கேஸ் விளக்கு சீறிக்கொண்டிருந்தது. அறுவடைக் கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் முக்கினார்.

"கடைசியா தண்ணி காட்டணும்மா. அப்பத்தான் கெட்டிப்படும்."

இயந்திரத்தின் பக்கவாட்டில் நெல் கொட்டும் குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. மரக்கிளை இடித்துவிட்டதாம். எழில்மொழி தலையாட்டிவிட்டு, நசுங்கிய இடத்தின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டார். ஏழடி.

ஜூலை 3, மாலை 4.00. புதுத் தண்டு மாட்டிய மதகில் எல்லாரும் கூடியிருந்தார்கள். எழில்மொழி ஒரு வரைபடத்தை விரித்தார்.

இரும்புக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன என்று ஆரம்பித்தார். ஆய்வுக்கூடத்தில் தண்டின் ஒரு பக்கம் நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, மறுபக்கம் எத்தனை வெளியே வருகின்றன என்று அலைநீள வாரியாக எண்ணினார்களாம். ஓர் அலைநீளம் வரைக்கும் அடுக்குகள் நியூட்ரான்களைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். அதைத் தாண்டினால் சிதறடிக்க முடியாது. வெளியே வரும் எண்ணிக்கை சட்டென்று படி போல் ஏறும். படி இருக்கும் இடம் அடுக்குகளின் இடைவெளியைச் சொல்லும். அடுக்கு ஒழுங்காக இருந்தால் படி செங்குத்தாக நிற்கும், குலைந்திருந்தால் மழுங்கிப்போகும்.

"தியாகராசன் சார் மட்டமான இரும்பு போட்டிருந்தா தண்டு முழுக்கக் கோளாறு தெரியணும். தெரியல. வேம்பண்ணன் நெம்பியிருந்தா நல்ல எஃகு முறுக்கிக்கிட்டுத்தான் ஒடியும். முறுக்கவும் இல்ல. ஒடிஞ்ச இடத்துல ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் படி மழுங்கியிருக்கு. செவக்கக் காய்ச்சி, தண்ணிய ஊத்திக் குளிர வச்ச எஃகு அப்படித்தான் இருக்கும்."

ஷட்டர் முழுக்க ஏறியிருக்கும்போது அந்த இடம் சக்கரத்துக்கு மேலே நாலடியில் நிற்கும். மதகின்மேல் போகும் பாலத்தின் தளத்திலிருந்து சக்கரம் மூன்றடி உயரம். கூட்டினால் ஏழடி. அறுவடை நேரத்தில், மடக்க மறந்த நெல் குழாயோடு இந்தப் பாலத்தைக் கடந்த இயந்திரம் ஒன்று தண்டில் இடித்து வளைத்திருக்கிறது. சொன்னால் வம்பு என்று உரிமையாளரே காய்ச்சி நிமிர்த்தி, வழக்கம்போல் தண்ணீர் காட்டியிருக்கிறார். அந்தத் தழும்பு ஜூன் மாதம் சக்கரத்துக்குள் நுழைந்ததும் ஒடிந்தது.

மருதையன் குறுக்கிட்டார். "அப்ப சக்கரத்தடியில கெடந்த இரும்புக் குழாய்?"

"கிரீஸ் தடவுன சக்கரத்துல போட்டு நெம்புன குழாய்ல ஒரு பொட்டு கிரீஸ் இல்லையே ஐயா. தண்டு ஒடிஞ்சப்புறம் கொண்டாந்து போட்டது. கண்டெடுத்தது நீங்கதானே."

மருதையன் சொன்னார்: "கெட்டியாகட்டும்னுதான் செஞ்சேன்."

"கெட்டியாத்தான் ஆச்சு ஐயா. அதனாலதான் ஒடிஞ்சுது. கத்தி வளைய வேண்டாம், தண்டு கொஞ்சம் வளையணும்."

ஒடிந்தது விபத்து. பழியை வேம்பு தலையில் கட்டியதுதான் குற்றம். சகாயநாதன் பையிலிருந்து மதகுச் சாவியை எடுத்து வேம்பு கையில் கொடுத்தார். வேம்பு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பன்னிரண்டு நாள் அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தில் கைவைத்தவர், போலீஸ் ஜீப்பில் ஏறப்போன மருதையனைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி விதைத்திருந்த அவருடைய நாற்றங்கால்தான் வாய்க்காலில் முதல் பாசனம்.

"ஐயா, ஒங்க நாத்துக்கு எவ்வளவு தண்ணி விடட்டும்?"

மருதையன் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறினார். வேம்பு தானே கணக்குப் பார்த்து, கையாலேயே அரைச் சுற்று ஏற்றினார்.