எத்தனை வாட் போதும்

மீன்தொட்டி ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது; தெர்மாமீட்டர் மட்டும் இருபத்திரண்டைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. கோமாளி மீன்கள் இரண்டும் கதகதப்பைத் தேடிப் போகாமல், ஹீட்டருக்கு எதிர் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. அவை செத்தால் ஆறு வயது மகள் தாங்கமாட்டாள். அப்பா வாங்கித் தந்த மீன்கள்.

அவர் கப்பலடியில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டும் டைவர். வீட்டுக்கு வந்ததும் விறைத்த கையை மனைவியின் கழுத்தில் வைத்து, "கொஞ்சம் சூடு குடேன்" என்பார். அவள் துள்ளிக் குதித்துத் திட்டுவாள். எட்டு மாதத்துக்கு முன் தண்ணீரில் இறங்கியவர் ஏறி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. போன வாரம் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற, அவருடைய கூட்டாளி அதே துறைமுகத்திலிருந்து நான்கு கேன் கடல்நீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்துதான் இந்தக் குளிர்.

மழையோடு மழையாக மகளையும் கூட்டிக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் போனாள். லிட்டருக்கு ஒரு வாட்டே தாராளம், நூற்றைம்பது லிட்டருக்கு இருநூறு வாட் போட்டும் ஏறவில்லையா என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பெரிதாக ஒன்று போட்டு அது அணையாமல் சிக்கிக்கொண்டால் மீன் வெந்துவிடும். சின்னதாக இரண்டை மூலைக்கொன்றாக வையுங்கள் என்றார். பிறகு மகளிடம் குனிந்தார்.

"ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட் சூடு வரும், தெரியுமா பாப்பா? நீயே ஒரு குட்டி ஹீட்டர்தான்."

மகள் சிரிக்கவில்லை. யோசித்தாள்.

வீட்டில் பழையதைக் கழற்றிவிட்டுப் புது ஹீட்டர்கள் இரண்டையும் மாட்டி, பம்பின் முனகலையும் ஜன்னலில் மழை தட்டுவதையும் கேட்டபடி தொட்டியெதிரே உட்கார்ந்திருந்தபோது, எப்போதோ தூக்கிப் போட்டுவிட்ட அவருடைய டைவிங் உடுப்பின் ஈர ரப்பர் வாசனை கூடத்தில் மெல்லப் பரவுவதை உணர்ந்தாள். இடது மூலை விளக்கு மங்கியது. அணையவில்லை. டார்ச்சைக் கையால் பொத்தினால் விரலிடுக்கில் வெளிச்சம் கசியுமே, அப்படி. பிறகு வலது மூலை விளக்கு.

இருபத்தொன்று.

"அப்பாவுக்குத்தாம்மா குளிருது," என்றாள் மகள்.

பயத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. கண்டபடி திட்டி மகளைப் படுக்கையறைக்கு விரட்டினாள். உடனே மனசு கேட்கவில்லை. சமாதானம் செய்யப் பால் காய்ச்சப் போனாள்.

பால் பொங்கி வரும்போது கூடத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம்.

ஓடினாள்.

ஹீட்டர்கள் தரையில். ஈரமாக. பிளக் இரண்டும் பிடுங்கப்பட்டிருந்தன.

ஸ்டூல்மேல் மகள். தோள்வரை கை தண்ணீருக்குள். உதடு நீலம்.

"அப்பா கை இப்ப சில்லுனு இல்லம்மா."

மகளின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். வரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து பிடித்திருந்தது முரட்டுப் பிடி இல்லை. சாலையைக் கடக்கும்போது அவர் மகளின் கையைப் பிடிப்பாரே, அதே பிடி. கன்னத்தைத் தொட்டாள். ஐஸ். கண்கள் திறந்தபடி இருந்தன.

மீன்கள் இரண்டும் உற்சாகமாகச் சுற்றி வந்தன. தெர்மாமீட்டரில் இருபத்தாறு.

இருபத்தேழு.