ஸ்டெபின் விலகிக்கொண்டார்

மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. மூக்கண்டப்பள்ளி பேக்கரிக்குள் லிபியா ஓடி நுழைந்த வேகத்தில், வாசலில் நின்றவனின் டீ அவன் சட்டையிலேயே கவிழ்ந்தது.

"பார்த்து வரக்கூடாதாங்க?"

"வழியை மறிச்சிக்கிட்டு நின்னா இப்படித்தான்!"

சொன்ன பிறகுதான் அவன் கண்களைப் பார்த்தாள். கோபமே இல்லை... மழை கழுவிவிட்டது போன்ற கண்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறொரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

"மன்னிச்சிக்குங்க... ஆபீஸ் கடுப்பு."

"யார் மேல?"

"பெங்களூர் ஆபீஸ்ல ஸ்டெபின்னு ஒரு ஆளு. மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல. நான் சிப் டிசைன் பண்றேன். செஞ்சு முடிச்ச பிறகும் வேற வேலைக்கு மாத்திக்கலாம், அந்த மாதிரி சிப். அதை மாடி வீடாட்டம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறோம். நடு அடுக்குல சூடு தங்குதுன்னு திருப்பித் திருப்பி அனுப்புறாரு."

"தங்குதா?"

"தங்குதுதான்... ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல? 'சரியில்லை, மாற்றவும்.' அவ்வளவுதான் மெயிலு!"

அவன் டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தான்.

"நான்தாங்க ஸ்டெபின். தினமும் இங்கிருந்துதான் பெங்களூருக்கு பஸ்ல போய் வர்றேன்."

லிபியாவுக்குக் காதெல்லாம் எரிந்தது. கொட்டும் மழையிலேயே இறங்கி நடந்துவிட்டாள்.

வீம்பு அவளை விடவில்லை. ஓயாமல் வேலை செய்யும் பகுதிகளையெல்லாம் நடு அடுக்கிலிருந்து எடுத்து மேல் அடுக்குக்கு மாற்றினாள். சூடு வெளியேற வழி கிடைத்தது. 'இப்ப என்ன சொல்றாருன்னு பார்ப்போம்...' அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

பதில் வந்தது, மேலதிகாரி வெங்கடசாமியிடமிருந்து. 'அருமை. இனி உங்கள் டிசைனை நான் பார்க்கிறேன். ஸ்டெபின் விலகிக்கொண்டார்.'

அந்த 'அருமை' இனிக்கவே இல்லை. அவ்வளவு வெறுப்பா என் மேல்?

மாலையில் பெங்களூர் பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே போய் நின்றாள். இறங்கியவன் திகைத்துப்போனான்.

"என் டிசைனைப் பார்க்கக்கூடப் புடிக்கலையா உங்களுக்கு?"

"ஐயோ, அப்படி இல்லீங்க..." பை வாரைத் திருகினான். "நீங்க மாத்தி அனுப்பினதைத் திறந்தேன். தப்பைத் தேடவே தோணல... உங்க சிரிப்புதான் ஞாபகம் வந்துச்சு. மனசுக்குப் புடிச்சவங்க வேலைக்கு நானே தீர்ப்பு சொன்னா நியாயமா இருக்காதுன்னுதான்..."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. இவ்வளவு கறாரான மனிதனுக்குள் இப்படி ஒரு தவிப்பா! லிபியா தலையைக் குனிந்துகொண்டாள்... உதட்டோரச் சிரிப்பைத்தான் மறைக்க முடியவில்லை.

"ஸ்டெபின்..."

"சொல்லுங்க."

"அடுத்த டிசைனையும் வெங்கடசாமி சாரே பார்க்கட்டும்."