விஜயசங்கரின் தகடு

இலஞ்சியில் ஆனந்தவள்ளியின் வீட்டுக்குள் வீசிய சாரலில் மீன் நாற்றம் அடித்தது. குற்றாலத்துச் சீசன் காற்றில் நனைந்த மண் மணக்கும், பலாப்பழம் மணக்கும். அழுகிய மீனும் பென்குயின் எச்சமும் கலந்த அந்தக் காரநெடியைத் தென்துருவக் கடல் தீவுகளைத் தவிர வேறெங்கும் ஜெயபிரியா முகர்ந்ததில்லை. மத்தியான வேளையில் அதற்கு இங்கே என்ன வேலை?

அந்தத் தீவுகளுக்கு ஆராய்ச்சிக் குழுவோடு போன தென்காசிப் பக்கத்து ஆட்கள் இரண்டே பேர், அவளும் ஆனந்தவள்ளியின் மகன் விஜயசங்கரும். திரும்பி வந்தது அவள் மட்டும்.

தீவுக் குடிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியே போகிறவர் கதவருகே தொங்கும் தன் பெயர்த் தகட்டைச் சிவப்புப் பக்கமும், வந்ததும் பச்சைப் பக்கமும் திருப்ப வேண்டும். அடுத்தவர் தகட்டைத் தொடக் கூடாது. பனிப்புயலில் முதலில் ஓடிவந்த ஜெயபிரியா, பின்னாலேயே அவன் பூட்ஸ் சத்தம் கேட்கிறதே என்று, ஊர்க்காரனுக்கு ஓர் உதவியாக அவன் தகட்டையும் திருப்பிவிட்டு அசதியில் படுத்துத் தூங்கிப்போனாள். பச்சையைப் பார்த்த குழுத்தலைவர் கதவைத் தாழிட்டார். யாரும் தேடவில்லை. விடிந்தபின் அவன் பனியில் விறைத்துக் கிடந்ததைக் கண்டு விசாரித்தபோது, அவனே திருப்பியதைப் பார்த்ததாக வாய் கூசாமல் சொன்னாள். பாவி.

"ஏட்டி ஜெயா," கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆனந்தவள்ளி கேட்டாள். "எம்புள்ள உள்ள வந்துட்டு, சாகணும்னே திரும்ப வெளிய போனாம்னு எல்லாரும் சொல்லுதாவ. நீ சொல்லு. தகட்ட அவந்தான் திருப்புனானா?"

ஓட்டின் மேல் சாரல் சரசரத்தது. அடுக்களைப் பக்கம் ஈரமான, கனத்த எதையோ யாரோ தரையில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். நெடி கண்ணைக் கரித்தது. சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் வேலை போகும். அப்புறம் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

"ஆமாம்மா. அவந்தான்."

இழுக்கும் சத்தம் நின்றது.

நிலைப்படியில் விஜயசங்கர். மீசையில் உறைபனி. ஜெயபிரியாவை அவன் பார்க்கவே இல்லை. நேராக வந்தான். தரையில் உட்கார்ந்தான். தாயின் மடியில் தலை வைத்தான்.

"என்னட்டி, திடீர்னு மடி சில்லுங்குது?" ஆனந்தவள்ளி குனிந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் பொய் சொன்னேன். எந்திரிங்கம்மா. வார்த்தை இருந்தது. தாடை அசையவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு உறைந்துகிடந்தது.

ஆனந்தவள்ளி தன்னையறியாமல் மடியைத் தடவத் தொடங்கினாள். மகனின் முடிக்குள் விரல்கள் போய் வந்தன. விரல்நுனிகள் வெளுத்தன. பிறகு நீலம். பிறகு கறுப்பு. ஒரு நகம் கழன்று தரையில் விழுந்தது.

"என்னமோ இதமா இருக்குட்டி," என்று சிரித்துக்கொண்டே அவள் தடவினாள்.