ஆயிரமாவது பெரணி

மேகமலையில் ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஒரு பெரணிச் செடி இருந்தது. அது முளைக்கும் மலையில் வேற்றூர்க்காரர் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

எல்லாம் முனைவர் செல்வகனியின் இழைமானி செய்த வேலை. அதன் கண்ணாடித் தட்டில் ஓர் இலைத் துணுக்கை வைத்தால், மரபிழைகளைப் படித்து அது எந்தச் சிற்றினம் என்று மூன்று நொடியில் சொல்லிவிடும். எவ்வளவு வேறுபட்டால் புதிய சிற்றினம் என்ற எல்லையை வகுத்தவள் அவள்தான். மிக நுண்ணிய எல்லை. முன்பு எழுநூறு சிற்றினங்கள் என்று எண்ணப்பட்ட ஆஸ்பிளீனியம் என்ற பெரணிப் பேரினத்தை, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

ஆயிரமாவது, ஈரப்பாறை ஊருக்கு வாய்த்தது. எல்லா ஊர்த் திரைகளிலும் நேரலையாக ஓடிய விழாவின் மேடையில் ஊராட்சித் தலைவி ஒச்சம்மாள் இலையைத் தட்டில் வைக்கப் போனபோது, அவளுடைய விரல் முந்திக்கொண்டு பட்டுவிட்டது.

"புதிய சிற்றினம்" என்றது இழைமானி.

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற ஒச்சம்மாளின் மகளும் விளையாட்டாக விரலை வைத்தாள்.

"புதிய சிற்றினம். முந்தையதிலிருந்து வேறானது."

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை; மேடையில் நின்ற செல்வகனியிடம் திரும்பினாள். "டாக்டரம்மா, நான் பெத்த புள்ளையவே வேற இனம்ங்குது. எங்க பெரணிய மட்டும் சரியாச் சொல்லுமா?"

இது செடிகளுக்கான கருவி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். செல்வகனியின் நாக்கு நுனிவரை அது வந்தது. இருபது ஆண்டு உழைப்பு. அதில் ஒரு பெரணிக்கு அவள் பெயரே சூட்டப்பட்டிருந்தது.

"மெஷின் மேல தப்பில்லம்மா. நான் வச்ச எல்லைதான் தப்பு" என்றாள்.

எல்லாரும் பார்க்க எல்லையைத் தளர்த்தினாள். எல்லா ஊர்த் திரைகளிலும் எண் சரிந்து, எழுநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. அவள் பெயர் கொண்ட பெரணி பட்டியலில் இல்லை. ஆனாலும் அவள் தலை நிமிர்ந்தே நின்றாள். இப்போது அங்கிருந்த ஒவ்வொரு பெயருக்கும் அவளால் யார் முன்னும் பதில் சொல்ல முடியும்.

"அப்ப எங்களுது?" என்றாள் ஒச்சம்மாள்.

"பதினோரு ஊர்ப் பெரணியும் ஒண்ணுதாம்மா. எல்லாம் உங்களுதோட சேர்ந்தது."

ஒச்சம்மாள் எதிரே அடுக்கடுக்காக நின்ற மலைகளை நிதானமாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அப்ப பதினோரு மலையும் ஈரப்பாறைக்குன்னு எழுதிக்கங்க."

அதே நேரத்தில், மற்றப் பத்து ஊர்த் தலைவர்களும் தத்தம் ஊர்ப் பெயரைச் சொல்லி அதையே எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.