சுவரில் ஒரு செங்கல் குறைவு

டீ கொதித்தால் வீடு மணக்கும். அறிவுச்செல்வியின் வீட்டில் டீ கொதித்தால் திண்டுக்கல் மலைக்கோட்டையே காதைப் பொத்திக்கொள்ளும்.

அந்த வீட்டுச் சமையலறை ரயில் பெட்டி மாதிரி நீளம். அந்தக் கோடியில் பெரியம்மா ராமுத்தாய்க்கு ஓர் அடுப்பு. இந்தக் கோடியில் அம்மா புவனேஸ்வரிக்கு ஓர் அடுப்பு.

பெரியம்மா சேவுகம்பட்டிக்காரர். அவர் முதலில் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைப்பார். சும்மா கொதி இல்லை. சட்டி துள்ளி, மூடி பறந்து, எதிர்வீட்டுப் பூனை எழுந்து ஓடுகிற கொதி! அதில் தூளைப் போட்டு, தார் மாதிரி ஆகும்வரை வற்றவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று கொஞ்சம் பால் ஊற்றுவார்.

அம்மா தொப்பம்பட்டிக்காரர். அவர் அடுப்பில் பாலும் தண்ணீரும் சேர்ந்தே ஏறும். பொங்கி வரும்போது தூளைத் தூவி, டக்கென்று அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடிவிடுவார்.

அறிவுச்செல்விக்கு வயது பத்து. பெரியம்மா மகன் விக்னேஷ்குமாருக்கு ஏழு. பள்ளிவிட்டு வந்ததும் இருவரும் சமையலறை நடுவில் உட்காருவார்கள். இரண்டு டீயையும் ஒரே தம்ளரில் கலந்து, வர்க்கியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்பார்கள். ஒடிந்து விழுந்த வர்க்கியை விரல்விட்டு மீட்பது விக்னேஷின் வேலை. அவன் விரல் எப்போதும் டீ வாசம் அடிக்கும்.

ஒருநாள் அம்மா வாய்தவறிக் கேட்டுவிட்டார். "ஏனுங்க அக்கா, இது டீங்களா? இல்லை, கசாயமுங்களா?"

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒன் டீ மட்டும் என்னவாம்? பால் சட்டி கழுவுன தண்ணி! நல்லாக் கொதிக்காத தண்ணியில தூளப் போட்டா, குடிச்சவன் வயித்துக்குள்ள போயித்தான் அது வேகணும்."

"எங்கப்பா ஊட்டுல அம்பது பேருக்கு இப்படித்தானுங்க போடுவோம்."

"அம்பது பேரும் உசுரோட இருக்காகளா?"

அவ்வளவுதான். டீயில் ஆரம்பித்த சண்டை அம்மாவின் கல்யாணப் பந்திக்குப் போனது. அங்கே யாருக்கு அப்பளம் வைக்கவில்லை என்பதில் நின்றது. பெரியம்மா அழுதார். அம்மாவும் அழுதார். ஆனால் தனித்தனியாக.

பிறகு பேச்சே நின்றுபோனது. அதற்குச் சண்டையே தேவலை என்று இருந்தது அறிவுச்செல்விக்கு.

"நடுவுல சுவர் வச்சிருங்க" என்றார் பெரியம்மா.

"இன்னிக்கே வெச்சிடுங்க" என்றார் அம்மா.

இருவரும் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

அப்பாவும் பெரியப்பாவும் வாயே திறக்கவில்லை. அவர்கள் பஸ் ஸ்டாண்ட் கடையில் டீ குடிப்பவர்கள்.

"இனிமே அந்தப் பக்கம் கால் வெச்சே, தெரியும் சேதி!" என்றார் அம்மா. விக்னேஷுக்கும் அங்கே அதே கட்டளை.

"அக்கா, சுவர் வந்துட்டா நாம எங்க உக்காருவோம்?" என்று கிசுகிசுத்தான் விக்னேஷ்.

சனிக்கிழமை காலை ஆண்டனிராஜ் கொத்தனார் வந்தார். நாலு வரிசை செங்கல் ஏறுவதற்குள் பெரியம்மாவின் டீ வந்தது.

"அருமைங்க்கா!" என்றார் கொத்தனார்.

அது அம்மாவின் காதில் விழுந்தது. உடனே இந்தப் பக்கத்திலிருந்து ஒரு டீ, இஞ்சி தட்டிப் போட்டு.

"பிரமாதம் தங்கச்சி!"

அது பெரியம்மாவின் காதில் விழுந்தது. உடனே அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று, இன்னும் கறுப்பாக. அப்புறம் இந்தப் பக்கம் இன்னொன்று. மத்தியானத்துக்குள் கொத்தனாரின் வயிறு காமராஜர் அணை மாதிரி நிரம்பிவிட்டது. அவர் குனிந்தால் அலையடிக்கும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது!

அறிவுச்செல்வி எட்டிப் பார்த்தாள். கொத்தனார் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, முழுத் தம்ளரையும் சிமெண்ட் கலவையில் ஊற்றினார்.

"மாமா! சிமெண்ட்டுக்கு டீயா?"

"சத்தம் போடாத பாப்பா! இன்னும் ஒரு மடக்கு குடிச்சா காது வழியா வந்துரும். வேணாம்னு சொல்லவும் பயமா இருக்கு. ரெண்டு பேரு கையிலயும் கரண்டி இருக்கு."

சிமெண்ட் தூசியில் அவர் தொண்டை கரகரவென்று இருந்தது. பேசி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அறிவுச்செல்வி ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாள். பால் இல்லை, தூள் இல்லை, சர்க்கரை இல்லை. சூடு ஏறியதும் செம்பில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

கொத்தனார் பயந்துகொண்டே மோந்து பார்த்தார். "இது யார் ஊரு டீ?"

"வெறும் வெந்நி மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்லக் குடித்தார். "ஆகா! இப்பத்தான் உசுரு வந்துச்சு. ஆமா, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

சுவர் அவள் தலைக்கு மேலே போயிருந்தது.

"விக்னேஷ்!" என்று கூப்பிட்டாள்.

"அக்கா, ஒன் குரல் மட்டுந்தான் வருது" என்றது அந்தப் பக்கம்.

கொத்தனார் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாமா, ஒரேயொரு செங்கல்ல எடுத்துருங்க. தம்ளர் போற அளவு."

"ஒன் உயரத்துலயா?"

"இல்ல. அவன் கை எட்டுற உயரத்துல. நான் முட்டி போட்டுக்குவேன்."

ஈரம் காயாத சுவரிலிருந்து ஒரு செங்கல் மெல்ல வெளியே வந்தது.

"என்னங்க இந்த ஓட்டை?" என்று சாயங்காலம் அம்மா கேட்டார். அந்தப் பக்கம் பெரியம்மாவும் அதையே கேட்டார்.

"அடுப்படிச் சுவருக்குக் காத்து வேணும். அடைக்கணும்னா ரெண்டு வீட்டுக்காரவுகளும் பேசிட்டுச் சொல்லுங்க" என்றார் கொத்தனார், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு.

பேசுவதா? ஓட்டையே இருந்துவிட்டுப் போகட்டும்! அம்மா அதன் முன்னால் புளி ஜாடியை வைத்தார். பெரியம்மா காலண்டரை மாட்டினார். அதன்பிறகு இருவரும் காய்கறிக் கடையில் எதிரெதிரே வந்தால்கூட, ஒருவர் கத்தரிக்காயைப் பார்ப்பார், ஒருவர் ஆகாயத்தைப் பார்ப்பார்.

திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்தாள் அறிவுச்செல்வி. அம்மாவின் டீயைப் பாதித் தம்ளர் ஊற்றிக்கொண்டாள். சுவரோரம் முட்டி போட்டு, ஜாடியை நகர்த்தினாள். அம்மா பார்த்தார். பார்த்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவத் தொடங்கினார்.

காலண்டர் தூக்கிக்கொண்டது. டீ வாசம் அடிக்கும் ஒரு சின்னக் கை, தம்ளரோடு வெளியே வந்தது.

"ஏலே! யாருக்குடா டீ குடுக்கிற?" என்று பெரியம்மாவின் குரல் அதட்டியது.

"பூ... பூனைக்கும்மா!"

அறிவுச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பூனைக்குச் சூடு ஆகாதுலே. ஆத்திக் குடு."

கை உள்ளே போய், ஆற்றிய டீயோடு திரும்பி வந்தது. அறிவுச்செல்வி அதை அம்மாவின் டீயோடு கலந்து ஒரு வாய் குடித்தாள். காது மடல்வரை கசந்தது.

"மியாவ்" என்றாள்.