கரிக்கோடும் ஒரு ரொட்டியும்

நாட்டில் இருந்தது ஒரே சிம்மாசனம். உட்கார வந்தவர்களோ இரண்டு பேர்.

ராணியம்மா இறந்ததும் மூத்த மகன் "எனக்கு" என்றார். இளைய மகன் "எனக்குத்தான்" என்றார். இருவரும் படை திரட்டிக்கொண்டு எரிகோவுக்குச் சண்டை போடப் போய்விட்டார்கள்.

அந்தச் சண்டையின் புழுதி எருசலேமில் சிறுமி சப்பீராவின் வீட்டு முற்றம் வரை வந்துவிட்டது.

முற்றத்தைச் சுற்றி மூன்று வீடுகள். வாசனைத் தைலம் விற்கும் மத்தியா மூத்தவர் கட்சி. செருப்புத் தைக்கும் யோவேசர் இளையவர் கட்சி. எந்த ராஜாவுக்கும் இவர்கள் பெயர்கூடத் தெரியாது. அதனால் என்ன? முற்றத்தின் நடுவே கரியால் கோடு கிழித்துக்கொண்டார்கள். மூன்று வீட்டுக்கும் பொதுவான அடுப்பு நடுவில் இருந்ததால், கோடு அதன் மேலே ஏறி மறுபக்கம் இறங்கியது.

மூன்றாவது வீட்டில் சப்பீராவும் அம்மாவும், பிறந்து சில நாளே ஆன தங்கைப் பாப்பாவும் இருந்தார்கள். பேரீச்சம்பழம் வாங்க எரிகோ போன அப்பா இன்னும் திரும்பவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சூரியன் மறைந்தால் யூதர்களின் ஓய்வுநாள். அப்புறம் நெருப்பு மூட்டக் கூடாது; முன்பே அடுப்பில் மூடிவைத்த சட்டிதான் மறுநாளுக்குச் சூடான சாப்பாடு. ஆனால் பொது முற்றத்திலிருந்து வீட்டுக்குள் ஒரு சட்டியைக்கூடத் தூக்கிப் போகக் கூடாது. மூன்று வீட்டு மாவும் கலந்து சுட்ட ரொட்டி ஒன்று இருந்தால் மட்டும் போகலாம். அப்போது மூன்று வீடும் ஒரே வீட்டுக் கணக்கு.

சப்பீரா கிண்ணத்தோடு கிளம்பினாள்.

"மத்தியா மாமா, ஒரு பிடி மாவு."

"அந்தத் துரோகி மாவோடவா? நடக்காது!"

"யோவேசர் மாமா, ஒரு பிடி மாவு."

"அந்த வாசனைப் புட்டி மாவோடவா? என் செருப்புகூட ஒத்துக்காது!"

சப்பீரா வானத்தைப் பார்த்தாள். கருமேகம். இந்தக் குளிரில் அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தா சாப்பிடுவாள்? கூழ்ச்சட்டி அடுப்பில், அம்மா உள்ளே பட்டினி. நினைக்கவே அழுகை வந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அடுப்பருகே நின்று உரக்கச் சொன்னாள்:

"சரி, நாளைக்கு எல்லாரும் இங்கயே உக்காந்து சாப்பிட்டுக்கலாம். மத்தியா மாமா இந்தப் பக்கம், யோவேசர் மாமா எதிர்ப்பக்கம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டே. மழையில!"

இரண்டு கதவுகளும் படாரென்று திறந்தன.

"இவன் மெல்லுறதை நான் பார்க்கணுமா?"

"நீ உறிஞ்சுற சத்தத்தை நான் கேக்கணுமா?"

இருவர் கையிலும் மாவு இருந்தது.

"மூத்தவர் கட்சிதான் முதல்ல போடும்!"

"தள்ளுய்யா! இளையவர் கட்சிதான் முதல்ல!"

"அந்தக் காலத்துல யோசுவா சண்டை போட்டப்பதான் சூரியன் மறையாம நின்னுச்சு. உங்க சண்டைக்கெல்லாம் நிக்காது மாமா!" என்றாள் சப்பீரா. "ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணா போடுங்க."

போட்டார்கள். அவள் தன் வீட்டு மாவையும் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். மத்தியா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல எது என் மாவு?"

"கொஞ்சம் கர்வமா இருக்குமே, அதுதான்," என்றார் யோவேசர்.

மத்தியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் என்று சமாளித்தார்.

ரொட்டி வெந்து முடியவும் ஓய்வுநாள் தொடங்கியதென்று ஆலயத்தில் எக்காளம் முழங்கவும் சரியாக இருந்தது.

மறுநாள் கொட்டும் மழையில் மூன்று சட்டிகளும் மூன்று வீட்டுக்குள் போயின. அம்மா போர்வைக்குள் உட்கார்ந்து, சூடான கூழை ஊதி ஊதிக் குடித்தாள்.

ஞாயிறன்று வாசலில் கழுதை கத்தியது. அப்பா! சப்பீரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"சண்டை முடிஞ்சிருச்சும்மா. ராஜாக்கள் ரெண்டு பேரும் ஆலயத்துல கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. இவர் வீட்டுக்கு அவரும், அவர் வீட்டுக்கு இவரும் குடிபோறாங்களாம்!"

"எங்களைக் கேக்காமலா?" என்றார் மத்தியா.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாது?" என்றார் யோவேசர்.

"அவங்களுக்கும் ஒரே அடுப்புதான் போலிருக்கு," என்றாள் சப்பீரா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, கோட்டை அழிக்க முற்றத்துக்கு ஓடினார்கள்.

கோட்டைக் காணவில்லை. நேற்றைய மழையே அதைக் கழுவிக்கொண்டு போயிருந்தது.