நான்காம் சிலோவில் ஓர் எதிரொலி

சிமெண்ட் ஆலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. சிமெண்ட்டைக் கொட்டிவைக்கும் உயரமான கான்கிரீட் உருளைகளில் ஒன்றான நான்காம் எண் சிலோவில் ரேடார் கருவி பொருத்தும் வேலை. உள்ளே எவ்வளவு சிமெண்ட் கிடக்கிறது என்று அறிய, அதுவரை ஆட்கள் உச்சிக்கு ஏறி, அங்குள்ள துவாரம் வழியே நுனியில் குண்டு கட்டிய நாடாவை இறக்கித்தான் அளந்துகொண்டிருந்தார்கள். இனி ஒருவரும் அந்தத் துவாரத்தின் பக்கம் போகக் கூடாது என்று நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி இந்தக் கருவியை வரவழைத்தவர் ஃபோர்மேன்.

அதற்கான காரணத்தை வாசல் காவலாளி என் காதில் போட்டுவைத்திருந்தார். சுவரில் இறுகிப்போன சிமெண்ட்டை உடைக்க, இரண்டு வருஷத்துக்கு முன் கயிற்றில் தொங்கியபடி உள்ளே இறங்கிய ஃபோர்மேனின் தம்பி, அது சரிந்து மூடிச் செத்துப்போனானாம். முடிச்சு நழுவியதாகப் பதிவு.

ஃபோர்மேன் என்னோடு உச்சிவரை ஏறிவந்தார்.

மேலே வெயில் மண்டையைப் பிளந்தது. துவாரத்தின் மூடியைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடையோடு குளிர் முகத்தில் அறைந்தது. டார்ச் வெளிச்சம் பாதியிலேயே கரைந்துபோனது. பக்கத்துக் குழாய் வாயில் கருவியை வைத்து, போல்ட்டுகளை முறுக்கி, மின்சாரம் கொடுத்தேன். கருவி கீழே அலையை அனுப்பும். அது எதில் பட்டுத் திரும்புகிறதோ, அந்தத் தூரம் திரையில் வரும். தரை இருபது மீட்டர் ஆழத்தில்.

திரையில் 18.3.

"காலி பண்ணியாச்சுதானே, அண்ணே?"

"முந்தாநாளே பண்ணியாச்சு, தங்கச்சி. நானே கீழ நின்னு பாத்தேன்."

சுவரில் ஏதாவது துருத்திக்கொண்டிருந்தாலும் கருவி ஏமாறும். சரிபார்க்க நாடாவை இறக்கினேன். இருபது மீட்டரில் குண்டு தரையைத் தட்டிய சத்தம் மெல்லக் கேட்டது. நடுவில் எதுவும் தடுக்கவில்லை.

திரையில் 17.6.

பிறகு 16.

துருத்திக்கொண்டிருப்பது நகராது.

என் கையிலிருந்த நாடா விறைத்தது. கீழிருந்து ஓர் இழுப்பு. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

ஃபோர்மேனின் முகத்தில் ரத்தமே இல்லை. துவாரத்தின் ஓரம் மண்டியிட்டு என்னிடமிருந்து நாடாவை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு தடவ இழுத்தா மேல தூக்கணும்னு பேச்சு," என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "அன்னைக்கும் தம்பி இழுத்தான். கயித்த கம்பியில கட்டிட்டு நான் ஃபோன் பேசிட்டிருந்தேன், தங்கச்சி. முடிச்சு ஒண்ணும் நழுவல. ஒரு நிமிஷத்துல என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்."

யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லிவிட்டு, இழுக்கத் தொடங்கினார்.

அந்தக் குண்டு அரைக் கிலோகூட இருக்காது. அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. நாடா அவர் உள்ளங்கையை அறுத்தது. விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். காதிலேயே வாங்கவில்லை.

"வந்துடு," என்று மட்டும் இருட்டுக்குள் முணுமுணுத்தார். "வந்துடுடா."

ஒன்பது.

ஐந்து.

இரண்டு.

திரை வெறுமையாயிற்று. தன் முகத்துக்கு மிக அருகில் இருப்பதை அந்தக் கருவியால் பார்க்க முடியாது.

என் கன்னத்தை உரசிக்கொண்டு குளிர்ந்த காற்று ஒன்று வெளியே போனது. நாடா சட்டென்று இலகுவானது. நுனியில் குண்டு மட்டும் ஆடியது.

திரையில் 20.0. காலி.

ஃபோர்மேன் மூடியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். இறங்கும்போது, மானேஜரிடம் போய் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னார். அவர் முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் காலை, சிமெண்ட் நிரப்பிய பிறகு கருவி என்ன காட்டுகிறது என்று கேட்க அவர் கைபேசிக்கு அழைத்தேன். அவர் மனைவி எடுத்தார். ஃபோனை வீட்டிலேயே மறந்துவிட்டு மானேஜரைப் பார்க்க விடியற்காலையே கிளம்பிவிட்டாராம்.

அப்போது அந்த வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். வாய் நிறையத் தூள் அடைத்துக்கொண்டது போல, வறண்ட, விடாத இருமல்.

வீட்டில் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்டேன்.



"நான் மட்டுந்தாம்மா இருக்கேன்," என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்கும் கேக்குதா?"